கேத்தியில் ஓர் உறைபனி இரவு: சோதனை நிரல் எங்கள் எச்சரிக்கையை ஊமையாக்கிய கதை

பிப்ரவரி முதல் வாரம். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பாசனத்தில் வளரும் நீர்ப்போக உருளைக்கிழங்கு முளைத்து ஒரு சாண் உயரம் வந்திருந்தது. பொங்கலுக்குப் பிறகு பனி கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்ததால் எல்லோரும் சற்று அசந்திருந்தோம். அன்று இரவு வானத்தில் மேகமே இல்லை, காற்றும் அசையவில்லை. விடியும்போது புல்தரை வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. வெயில் ஏறி பத்து மணிக்கெல்லாம் உருளை இலைகள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கறுத்துவிட்டன.

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் பனி எச்சரிக்கைக் கம்பம் ஒன்று நிற்கிறது. இப்படிப்பட்ட இரவில் தோட்டக்காரரை எழுப்புவதற்காகத்தான் அதை நட்டோம். அன்று அது எழுப்பவில்லை. காலையில் நான் போய் நின்றபோது அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "மெசேஜ் வரலைன்னா பனி இல்லைன்னுதானே தம்பி நாங்க படுப்போம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் சிறிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாக வெளியாட்கள் அனுப்பும் நிரலை ஆசையோடு வரவேற்கிறவர்களுக்கு, இது பயன்படும் என்று நம்புகிறேன்.

திட்டம்

நாங்கள் ஐந்து பேர். ஒருவர் குன்னூரில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். சால்டரிங் வேலை முழுக்க அவர் கைதான். ஒருவர் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். இரண்டு பேர் மலைக்காய்கறி விவசாயிகள். நான் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். நிரலைப் பராமரிப்பதும், யார் மாற்றம் அனுப்பினாலும் அதைப் பார்த்துச் சேர்ப்பதும் என் பொறுப்பு.

பள்ளத்தாக்கில் ஏழு கம்பங்கள் நட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு இஎஸ்பி32 போர்டு (கம்பத்தை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்), செடி உயரத்தில் ஒரு வெப்பநிலை சென்சார், தலை உயரத்தில் இன்னொன்று, ஈரப்பதம் பார்க்க ஒன்று, சின்ன சோலார் பலகை, பேட்டரி, செல்போன் சிக்னலில் செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம் மாடம். செடி உயரத்து வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோட்டக்காரரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். பூஜ்யம் வரை காத்திருக்காமல் 3 டிகிரியிலேயே ஏன் அனுப்புகிறோம் என்றால், மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியிருக்கும் காற்றை விடவும் குளிர்ந்துவிடும். காற்று 2 டிகிரி என்று சென்சார் சொல்லும்போது இலையின் மேல் ஏற்கெனவே வெள்ளை படிந்திருக்கலாம். போதாததற்கு, குளிர்ந்த காற்று கனமானது. சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே எல்லநள்ளி ரோட்டில் ஒன்றும் இல்லாதபோது கீழே ஓடையோரம் கருகிவிடும்.

செய்தி கிடைத்தால் தோட்டக்காரர் செய்யக்கூடியது இரண்டு. சூரியன் படுவதற்கு முன் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கரைப்பது. நாற்றாக இருந்தால் சாக்கோ பெரணித் தழையோ போட்டு மூடுவது. மூடுவதற்கு முன்னிரவிலேயே தெரிய வேண்டும். எங்கள் செய்தியோ நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான் வரும். "சாயங்காலமே சொல்ல முடியாதா?" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்களிடம் அதற்கான அறிவும் இல்லை, நேரமும் இல்லை.

வந்த உதவி

நவம்பரில் ஒரு நாள், கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவரிடமிருந்து புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் நிரலைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள், வந்தது. அறுநூறு வரிக்கு மேல் இருந்தது. மாலை ஆறு முதல் ஏழு மணி வரையிலான வெப்பநிலையின் சராசரி, ஈரப்பதத்திலிருந்து கணக்கிட்ட பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), இந்த இரண்டையும் வைத்து அந்த இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையை முன்கூட்டியே சொல்கிற நிரல்.

அடிப்படை சரியானதுதான். காற்றில் ஈரம் இருந்தால் குளிரும்போது அது நீராகப் படியும். படியும்போது வெப்பம் வெளிவரும். அது குளிர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். அக்டோபர், நவம்பரில் நமக்கு நீர்ப்பனி விழுவது இதனால். டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டுவிடுவதால் அந்தத் தடை இல்லாமல் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைபனியாகிறது. மாணவர் இதைப் புரிந்துகொண்டு எழுதியிருந்தார். எங்கள் ஆசிரியர் அந்தச் சூத்திரத்தைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் நல்லாப் படிச்சிருக்கான்" என்றார்.

நானும் இரண்டு மாலைகள் அந்தச் சூத்திரத்தோடு உட்கார்ந்தேன். பழைய தரவில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே பொருந்தியது. நிரலின் கடைசியில் மின்சாரச் சிக்கனத்துக்கு என்று ஒரு நாற்பது வரி இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன், படிக்கவில்லை. சுவாரசியமான இடத்தில் என் கவனமெல்லாம் செலவாகிவிட்டது. இந்த ஆய்வில் என்னைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது.

இரண்டாவது விஷயமும் உண்டு. மூன்று வருடமாக வெளியிலிருந்து ஒருவரும் எங்களுக்கு உருப்படியாக எதையும் அனுப்பியதில்லை. ஒருவர் இவ்வளவு உழைத்து அனுப்பியதும் மனம் நிறைந்துவிட்டது. "இதை நாலு துண்டாகப் பிரித்து அனுப்புங்கள்" என்று கேட்டால் அவர் சலித்துப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அதனால் ஒரே மூச்சில் மெர்ஜ் செய்தேன், எங்கள் நிரலோடு சேர்த்துவிட்டேன். "சோதனை" என்று ஓர் அமைப்பு (செட்டிங்) வைத்து, அதை அணைத்த நிலையில் விட்டேன். வேண்டும் என்பவர்கள் இயக்கிக்கொள்ளலாம். அது போதும் என்று நினைத்தேன்.

அந்த இரவு

என் வீட்டு வாசலில் இருக்கும் கம்பத்தில் மட்டும் அந்த அமைப்பை இயக்கி வைத்திருந்தேன். பொங்கல் வாரத்தில் வேறு ஒரு சின்னத் திருத்தத்துக்காக எல்லாக் கம்பங்களுக்கும் புதிய ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் நிரல்) ஏற்றினோம். என் கம்ப்யூட்டரில் இருந்த அமைப்புக் கோப்போடு அப்படியே கட்டி ஏற்றினேன். ஏழு கம்பங்களிலும் சோதனை இயங்கத் தொடங்கியது. யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இரண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு அந்த இரவு.

ஓடையோரக் கம்பத்தின் பேட்டரி பழையது. ஜிஎஸ்எம் மாடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, சென்சார் அணைந்து மறுபடி எழும். நாங்கள் பயன்படுத்தும் டிஎஸ்18பி20 சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வந்ததும், முதல் அளவை எடுத்து முடிக்கும் வரை, அதன் நினைவகத்தில் 85 டிகிரி என்ற எண்தான் இருக்கும். அளவெடுக்க முக்கால் நொடி ஆகும். அதற்குள் படித்தால் 85 கிடைக்கும். இந்தச் சென்சாரைத் தொட்டவர்களுக்கு இது பழகிய விஷயம். இணைப்பு அறுந்தால், சென்சாரைப் படிக்க உதவும் நிரல் நூலகம் -127 என்று கொடுக்கும், அதுவும் அப்படித்தான்.

எங்கள் பழைய நிரலில் இந்த இரண்டு எண்களையும் தள்ளிவிடும் ஒரு வரி இருந்தது. எதற்கு என்று சொல்லும் குறிப்பு ஏதும் அதன் பக்கத்தில் இல்லை. மாணவரின் நிரல் அந்த வரி வழியாகப் போகாமல், சென்சாரை நேரடியாகப் படித்தது.

அன்று மாலை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவுகள். பதினொன்று 9 டிகிரியை ஒட்டி. ஒன்று 85. சரியான சராசரி 9, கிடைத்தது 15.3. அந்த ஒரு எண், பூஜ்யத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டிய கணிப்பை ஏறக்குறைய 5 டிகிரிக்குத் தூக்கிவிட்டது. இரண்டு 85 வந்திருந்தால் சராசரி 21-ஐத் தாண்டியிருக்கும். பிப்ரவரி மாதத்துக் கேத்தியில் மாலை ஏழு மணிக்கு அது நடக்காத காரியம் என்று யாருக்காவது உறைத்திருக்கும். ஒன்றே ஒன்று வந்ததால் எண் நம்பும்படியாக இருந்தது.

இதுவரை நடந்தது ஒரு தவறான கணிப்பு மட்டும்தான். அது மட்டும் என்றால் பெரியவரின் உருளை பிழைத்திருக்கும். நள்ளிரவுக்கு மேல் செடி உயரத்து வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பழைய எச்சரிக்கை போயிருக்கும். எழுந்து தண்ணீர் போட்டிருப்பார். நான் படிக்காமல் விட்ட நாற்பது வரிதான் அதைக் கெடுத்தது. "இன்றிரவு பனி இல்லை" என்று கணிப்பு சொன்னால், பேட்டரியை மிச்சப்படுத்த காலை ஆறு மணி வரை போர்டை உறங்க வைத்துவிடு என்று அதில் இருந்தது. கம்பம் உறங்கிவிட்டது. மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்த எச்சரிக்கையை, இரண்டு வாரம் முன் வந்த ஒரு சோதனை அணைத்துப் போட்டுவிட்டது.

மாணவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சோதித்துப் பார்க்க நாங்கள் கொடுத்த தரவு, 85-களை எல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த தரவு. அவர் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று எங்கள் வேலைப் பட்டியலில் எழுதியிருந்தது நாங்கள்தான். அதைப் பார்த்து, நல்ல மனதோடு அதையும் சேர்த்து எழுதித் தந்தார்.

பெரிய திட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன

காரணம் தெரிந்த அன்று மாலையே சோதனையை எல்லாக் கம்பங்களிலும் அணைத்தோம். எங்களுக்குள் பணம் போட்டு விதைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் ஐந்து பேரும் கடையின் பின்னறையில் உட்கார்ந்தோம். "இனிமே வெளியாள் எழுதினது எதுவும் வேண்டாம்" என்றார் ஒருவர். அது கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் அது நடைமுறையில் இருக்கிற வழிதான். எஸ்க்யூலைட் அப்படித்தான் நடக்கிறது. நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கும் அந்தத் தரவுத்தளத்தின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுச் சொத்தாக விடப்பட்டிருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலை அவர்கள் சேர்ப்பதில்லை. ஓப்பன் சோர்ஸ்தான், ஓப்பன் பங்களிப்பு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அதை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சிறு குழு அங்கே இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. கதவை மூடினால் மாலை எச்சரிக்கை எங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது.

நான் அடுத்த சில வாரங்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் பழைய வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். என் தவறை எனக்கு முன்பே, மிகப் பெரிய அளவில், செய்து திருத்திக்கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள்.

கர்னலில் "கான்ஃபிக் எக்ஸ்பெரிமென்டல்" என்று ஓர் அமைப்பு பல வருடம் இருந்தது. புதிய, பக்குவப்படாத பகுதிகளை அதன் கீழ் வைப்பார்கள். அதை இயக்கினால்தான் அந்தப் பகுதிகள் தெரியும். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரு பகுதி பக்குவமடைந்த பிறகு அந்த அடையாளத்தை நீக்க யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. உலகமே பயன்படுத்தும் பகுதிகளெல்லாம் சோதனை என்ற பெயரிலேயே கிடந்தன. அவை தேவைப்பட்டதால் லினக்ஸைத் தொகுத்துத் தரும் எல்லா விநியோகங்களும் அந்த அமைப்பை இயக்கியே வெளியிட்டன. எல்லோரிடமும் இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் எச்சரிக்கைப் பலகையால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? 2012 இறுதியில் கர்னல் நிரலாளர் கீஸ் குக் அதைப் படிப்படியாக நீக்கத் தொடங்கினார். 2013-இல் வந்த 3.9 பதிப்போடு அது போய்விட்டது.

இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. பொங்கல் வாரத்தில் நான் செய்தது இதேதான். ஒரு பொத்தான் வைத்தேன். அதை நானே எல்லோருக்கும் அழுத்திவிட்டேன்.

இதற்கு நேர் மாறாக, 2008-இல் கர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் தொடங்கிய ஸ்டேஜிங் என்ற அடைவு (ஃபோல்டர்) என்னை மிகவும் கவர்ந்தது. கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் தரம் போதாதவற்றைத் திருப்பி அனுப்பாமல், உள்ளே ஒரு தனி இடம் கொடுத்து வைப்பது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு டிரைவரோடும் ஒரு செய்ய வேண்டியவை பட்டியல் இருக்க வேண்டும்: என்னென்ன திருத்தினால் இது இங்கிருந்து வெளியேறி முறையான இடத்துக்குப் போகலாம் என்று. அந்த டிரைவரை ஒருவர் இயக்கினால், இது ஸ்டேஜிங்கிலிருந்து வந்தது, இதன் தரம் தெரியாது, எச்சரித்துவிட்டோம் என்று கர்னலே பதிவில் எழுதும். அதோடு தன் மேலேயே ஒரு கறைக் குறியும் போட்டுக்கொள்ளும். பிறகு யாராவது பிழை என்று புகார் கொண்டுவந்தால், அந்தக் குறியைப் பார்த்ததுமே எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் கம்பத்தில் அப்படி ஒரு குறி இருந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்காது.

ஸ்டேஜிங்கில் இடம் கிடைத்தால் என்றைக்கும் இருக்கலாம் என்றும் இல்லை. ஆண்ட்ராய்டுக்காக எழுதிய டிரைவர்களைக் கவனிக்க ஆளில்லாமல் போனதால் 2010-இல் அவற்றை நீக்கினார்கள். ஆட்கள் மறுபடி முன்வந்ததும் 2012-இல் அவை திரும்பி வந்தன. லஸ்டர் என்ற பெரிய கோப்பு முறைமை 2013-இல் உள்ளே வந்து ஐந்து வருடம் இருந்தது. அதை எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தக் களஞ்சியத்தில் ஒரு பக்கம் வேலை செய்ய, உள்ளே இருந்த பிரதி பின்தங்கிக்கொண்டே போனது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். வெளியே அந்தத் திட்டம் இன்றும் நன்றாக நடக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் முறை வேறு மாதிரி. அங்கே எக்ஸ்பெரிமென்டல் என்று தனிக் கிடங்கு உண்டு. உங்கள் கணினியின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டாலும் ஒன்றும் தானாக ஏறாது. சாதாரணக் கிடங்குக்கு முன்னுரிமை எண் 500 என்றால், இதற்கு 1. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். ரஸ்ட் மொழியில் இன்னும் கறார். சோதனை அம்சத்தை நிரலில் பயன்படுத்தினால் ஸ்டேபிள் கம்பைலர் (நிரலை மொழிமாற்றும் கருவியின் நிலையான பதிப்பு) பிழை காட்டி நின்றுவிடும். அது வேண்டுமென்றால் தினமும் வெளியாகும் நைட்லி கம்பைலரைத் தெரிந்தே நிறுவிக்கொள்ள வேண்டும். தவறுதலாக ஒருவர் அதற்குள் விழ வழியில்லை.

இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்த ஏற்பாடுகள் எதுவும் பங்களிப்பவர் நல்லவரா, திறமைசாலியா என்ற கேள்வியை நம்பி நிற்கவில்லை. அவர் எழுதியது எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதையே பார்க்கின்றன. எங்கள் கூட்டத்தில் "ஆளைப் பார்த்துச் சேர்த்துக்கலாம்" என்ற பேச்சும் வந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் விவகாரத்தை நினைவுபடுத்தினேன். ஒரு புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, தனியாக அல்லாடிக்கொண்டிருந்த மெயின்டெய்னரின் (பராமரிப்பாளரின்) நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் வாங்கி, 2024 தொடக்கத்தில் உள்ளே ஒரு திருட்டு வழியை வைத்தார். தூரத்துக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்ததால் அது மார்ச்சில் பிடிபட்டது. கெட்ட எண்ணத்தோடு வந்தவர் அங்கே ஆள் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினார். நல்ல எண்ணத்தோடு வந்த எங்கள் மாணவர் எழுதியது ஒரு வயலைக் கருக வைத்தது. ஆளை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இடத்திலும் தப்பியிருக்க முடியாது.

மாணவர் மலையேறி வந்தது

அவருக்கு நான்தான் போன் செய்தேன். விஷயம் சொன்னதும் சிறிது நேரம் பேச்சே இல்லை. "அண்ணா, எல்லாத்தையும் ரிவர்ட் பண்ணிடுங்க. நான் இனி எதுவும் அனுப்பல" என்றார். "தம்பி, மெர்ஜ் பண்ணினது நான். நீங்க ஒரு தடவை இங்க வந்து பாருங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லநள்ளியில் பஸ் இறங்கினார். உறைபனியை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு ஓடையோரம் கூட்டிக்கொண்டு போனேன். அதிகப் பனி இல்லை, வரப்புப் புல்லில் மட்டும் மெல்லிய வெள்ளை. விரலால் தொட்டுப் பார்த்தார். பெரியவர் தன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்தார். கறுத்த செடிகளைக் காட்டி, "இதுல கொஞ்சம் மறுபடி தளிர்க்கும். ஆனா கிழங்கு சின்னதாத்தான் இருக்கும்" என்று விளக்கினார். அதில் குற்றச்சாட்டின் தொனி துளியும் இல்லை. மாணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பகலில் கம்பத்தைத் திறந்து, பழைய பேட்டரியில் மாடம் சிக்னல் அனுப்பும்போது 85 எப்படி வருகிறது என்று அவர் கையாலேயே வரவழைத்துப் பார்த்தார். ஆறு முயற்சியில் இரண்டு முறை வந்தது. "இது உங்க டாக்குமென்ட்ல எங்கயுமே இல்லையே அண்ணா" என்றார். இல்லைதான். எங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்த விஷயம். கோவையில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்குத் தெரிய வழியில்லை. வெளியிலிருந்து உதவி வேண்டும் என்று கேட்டோமே தவிர, வெளியே இருப்பவருக்கு என்ன தெரியாது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

மாற்றியவை

அந்த ஞாயிறு மாலையே புதிய ஏற்பாட்டை எழுதி முடித்தோம். முதல் வரியை அவர்தான் சொன்னார்: சோதனை நிரல் புதிதாகச் செய்தி சேர்க்கலாம், பழைய செய்தியை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. உறக்கம், மின்சாரம், மாடம் ஆகிய மூன்றும் சோதனைப் பகுதியின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயின. ஒழுங்காக ஓடுகிற ஒன்றின் மேல் கை வைக்கிற மாற்றம் என்றால் அது தனி புல் ரிக்வெஸ்டாக வர வேண்டும். சுவாரசியமான நிரலின் வாலில் தொற்றிக்கொண்டு வரக் கூடாது.

இரண்டாவது, கம்பத்துக்கு ஏறும் ஃபர்ம்வேரில் சோதனை அடைவே இருக்காது. அமைப்பை இயக்கினாலும் இயங்க அங்கே ஒன்றும் இல்லை. மாலைக் கணிப்பு என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும். கம்பங்கள் அனுப்பும் தரவை, 85, -127 உட்பட, எதையும் நீக்காமல் அதற்குக் கொடுப்போம். அந்தத் தரவைப் பொதுவில் வைத்தோம். அடுத்து யார் எழுதினாலும் அழுக்கோடு சேர்த்துத்தான் சோதிப்பார்கள்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. முன்பு நான் வைத்த "சோதனை" என்ற அடையாளம் நிரலில் இருந்தது. நஷ்டப்படப் போகிறவரின் கண்ணில் அது படவே இல்லை. இப்போது மாலைக் கணிப்பு அதைக் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் போகிறது. செய்தியே "சோதனை" என்ற சொல்லோடு தொடங்கும். "இது வராவிட்டால் பனி இல்லை என்று அர்த்தமில்லை" என்று முடியும். முதல் குளிர்காலத்தில் மூன்று பேர் கேட்டு வாங்கினார்கள். ஓடையோரப் பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். அது அவர் உரிமை.

ஸ்டேஜிங்கைப் பார்த்து, சோதனை அடைவில் ஒரு செய்ய வேண்டியவை பட்டியலும், பொறுப்பாளர் பெயரும், ஒரு தேதியும் வைத்தோம். தேதி மார்ச் 31. பனிக்காலம் முடிந்து கணக்குப் பார்க்க வசதியான நாள். அன்றைக்குப் பொறுப்பாளர் இல்லையென்றால் அடைவை நீக்கிவிடுவோம். இதைக் கேட்டதும் மாணவர் முகம் வாடியது. ஆண்ட்ராய்டு டிரைவர்கள் வெளியே போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் எல்லாம் அப்படியே இருக்கும், ஆள் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

என் பங்குக்கு ஒரு மாற்றம். புல் ரிக்வெஸ்ட் வந்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு பதில் எழுதிவிடுகிறேன்: சேர்க்கிறோம், சோதனை அடைவுக்குப் போகட்டும், அல்லது இது எங்களுக்கு ஒத்துவராது. பெரிதாக இருந்தால் பிரித்து அனுப்பச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வந்த நான்கு பேரில் ஒருவர் பதில் போடாமல் போய்விட்டார். மூன்று பேர் பிரித்து அனுப்பினார்கள். நான் பயந்த அளவுக்கு யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

இப்போது

முதல் குளிர்காலம் முழுக்கக் கணிப்பு ஒரு பக்கம், நடந்தது ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதினோம். வறண்ட, தெளிவான இரவுகளில் கணிப்பு நன்றாகவே இருந்தது. நள்ளிரவில் மேகம் வந்து மூடிய இரவுகளில் சறுக்கியது. மேகம் போர்வை மாதிரி. தரையிலிருந்து போகும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மாலை ஏழு மணிக்கு நிரலுக்குத் தெரிந்தது தெளிந்த வானம் மட்டும். பனி வரும் என்று சொல்லிவிட்டது, வரவில்லை. நாற்றை மூடிவிட்டு மறுநாள் காலை சும்மா எடுத்தார்கள். மூன்று பேரில் ஒருவர், "மூடறது பரவாயில்ல, ஆனா நாலு தடவை இப்படி ஆனா அஞ்சாவது தடவை மூட மாட்டேன்" என்று சொன்னார். பட்டியலில் அதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறோம்.

மார்ச் 31 அன்று மறுபடி கூடினோம். மாணவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் பொறுப்பாளராகத் தொடர்கிறேன் என்று எழுதினார். துணைக்கு எங்கள் விவசாயி நண்பர்களில் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது, இரவு பத்து மணிக்கு வானத்தைப் பார்த்து மேகம் உண்டு, இல்லை என்று ஒரு செய்தி அனுப்புகிறார். அதை எண்ணாக மாற்றிக் கணிப்பில் சேர்க்கும் வேலை நடக்கிறது. மாலைக் கணிப்பு இன்னும் சோதனை அடைவில்தான் இருக்கிறது. பட்டியலில் மூன்று வரி முடிந்தது, இரண்டு பாக்கி: மேகம், அப்புறம் பேட்டரி தளர்வதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. அடுத்த தேதி வரும் மார்ச் 31.